பதினோரு மணி உப்பு

முதலாவது துரோகம் நிழல் சம்பந்தப்பட்டது. எழுபத்தொன்பதாம் வருடம் பங்குனி மாதத்தில், கோரைத்துறை உப்பளத்தில் வேலை செய்கிற நானூறு பேரும் வெயிலுக்கு ஒதுங்க நாலு கொட்டகை போட்டுத் தருவதாக முதலாளிகள் எழுதிக் கொடுத்தார்கள். சித்திரையில் ஒரு கொட்டகை வந்தது, அதன் கீழே அவர்களுடைய கார் நின்றது.

இரண்டாவது, எண்பத்து நான்கில் நடந்தது. பதினெட்டு நாளாக நாங்கள் வேலைக்கு இறங்காமல் பாத்திகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் சங்கத் தலைவர் பட்டணத்து லாட்ஜில் சாப்பிட்ட கையைக் கழுவாமலே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தை நான் பார்த்திருக்கிறேன், ஓரத்தில் எண்ணெய்க் கறை இருந்தது.

மூன்றாவது, தொண்ணூற்று ஒன்றில். வெள்ளை உப்பில் வெயில் பட்டுத் தெறித்து எங்கள் கண்கள் அவிந்துபோகின்றன என்று நான் எழுதிய நோட்டீஸ் எங்கெங்கோ போய், கடைசியில் கறுப்புக் கண்ணாடி இருநூறு வந்து இறங்கியது; இருநூறு பேரை மாட்டச் சொல்லி வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள், எடுத்து முடித்ததும் அடுத்த ஊர்ப் போட்டோவுக்கு வேண்டும் என்று கழற்றி வாங்கிக்கொண்டு போனார்கள்.

நான்காவது, இரண்டாயிரத்து ஆறில், மழைக்கால நிவாரணப் பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு பேரை அடித்துவிட்டார்கள், கைநாட்டுத் தெளிவாக விழவில்லை என்று காரணம் சொன்னார்கள். முப்பது வருடம் உப்பைத் தொட்ட பெருவிரலில் ரேகை எங்கே இருக்கும்? எங்கள் உழைப்பே எங்களை யார் என்று தெரியாமல் அழித்திருந்தது.

ஐந்தாவது, நீலக்கரை எப்.எம். லைசென்ஸ் வாங்கி, மாலை போட்டு, ரிப்பன் வெட்டித் தொடங்கிய அந்த வானொலி நிலையம், நாங்கள் கஞ்சி குடிக்கிற பதினோரு மணியில் தினமும் ஒரு மணி நேரம் உப்பளத் தொழிலாளிக்கு என்று மேடையில் சொன்னது. முதல் நாள் பதினோரு மணிக்கு நானூறு பேரும் தூக்குவாளியைத் திறக்காமல் காத்திருந்தோம். வந்தது பாக்கெட் உப்பு விளம்பரம்: கை படாத உப்பு, வெயில் படாத உப்பு.

இந்த ஐந்தையும் வரிசை மாறாமல் சொல்லியிருக்கிறேன். வரிசையை மாற்றிச் சொல்லுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது நாற்பது வருடம் நோட்டீஸ் எழுதியதில் நான் கற்றுக்கொண்டது. எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது, மிச்சத்தை நோட்டீஸ்களில்தான் படித்தேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆறாவதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். முதல் ஐந்தையும் செய்தவர்கள் மேலே இருந்தவர்கள். ஆறாவதைச் செய்தவன் என்னோடு ஏழு முறை லாக்கப்பில் ஒரே கம்பளியில் படுத்தவன்.

அதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோரைத்துறையில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்பதைப் பேர் வாசிப்புதான் முடிவு செய்யும். விடிகிற நேரத்தில் கங்காணி கேட் அருகே நின்று அன்றைக்கு வேலைக்கு வேண்டியவர்களின் பேரை வாசிப்பார். வாசிக்கப்பட்டவர் "உண்டு" என்று சத்தமாகச் சொல்லி உள்ளே போவார். வாசிக்கப்படாதவர் தூக்குவாளியோடு வீட்டுக்குத் திரும்புவார். வாசித்தும் சத்தம் வராவிட்டால் இரண்டாவது முறை, அதற்கும் வராவிட்டால் மூன்றாவது முறை, பிறகு அந்தப் பேரை அடித்துவிடுவார். இது கேட்டோடு நிற்கவில்லை, இடுகாடு வரைக்கும் எங்களோடு வந்தது. செத்தவரைக் குழிக்குள் இறக்கியதும் தலைமாட்டில் நின்று பேரை மூன்று முறை வாசிப்போம், மூன்று முறையும் "உண்டு" வராவிட்டால்தான் மண்ணைத் தள்ளுவோம். எண்பத்தாறில் இசக்கிமுத்து என்பவர் இரண்டாவது வாசிப்புக்கு "உண்டு" என்று எழுந்து உட்கார்ந்து, அதன் பிறகு பதினோரு வருடம் உப்பு வாரினார் என்பதால் இந்தப் பழக்கத்தை எங்கள் ஊரில் யாரும் கேலி செய்வதில்லை.

ஐந்தாவது துரோகத்துக்குப் பிறகு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு நிலையம் தொடங்கினோம். லைசென்ஸ் கிடையாது. கேட்டிருந்தாலும் ரேகை இல்லாத கைக்கு யார் கொடுப்பார்கள்? ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த குணபாலன் எங்கள் சங்கத்துச் செயலாளர். அவன் பழைய டேப் ரெக்கார்டர்களையும் எங்கிருந்தோ கழற்றிக் கொண்டுவந்த சாமான்களையும் பிஸ்கட் டப்பாவுக்குள் அடைத்து ஒரு பெட்டி கட்டினான். பெட்டி உப்புத்தண்ணீர் இறைக்கும் பம்ப் கொட்டகையில் இருந்தது, அதன் ஏரியல் கம்பி, சுற்றாமல் நின்றுபோன காற்றாடியின் உச்சியில் இருந்தது. எழுதுவது என் வேலை. வாசிக்கிறது பவளக்கனி. மூன்றாம் பாத்தியில் உப்பு வாருகிறவள், நாற்பத்தைந்து வயது, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, இடது கண்ணில் பாதிப் பார்வை இல்லை, ஆனால் அவள் மூன்றாம் பாத்தியில் நின்று "தண்ணி" என்றால் பத்தாம் பாத்தியில் மடையைத் திறப்பார்கள்.

நீலக்கரைக்கு மயிரிழை பக்கத்தில் இருக்கிற அலைவரிசையைக் குணபாலன்தான் பிடித்தான். "தள்ளி வைக்கலாமே" என்றேன்.

"தள்ளி வச்சா யாருக்கும் தெரியாது அண்ணாச்சி. அவன் சன்னலுக்கு நேரா நின்னுல்லா பேசணும்."

அப்படிப் பேசுகிறவனாக அவன் அன்றைக்கு இருந்தான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

முதல் நாள் பதினோரு மணிக்குப் பவளக்கனி மைக்கின் முன்னால் உட்கார்ந்து, நான் எழுதிக் கொடுத்த தாளை மடியில் வைத்துவிட்டு, தாளில் இல்லாததை வாசித்தாள்: "கோரைத்துறை உப்பளம். பேர் வாசிப்பு. எழுதியது பொன்னுலிங்கம். வாசிக்கிறது பவளக்கனி. பெட்டி கட்டியது குணபாலன்."

குணபாலன் பாய்ந்து சுவிட்சை அமர்த்தினான். "ஏ கூறுகெட்டவளே, நம்ம பேரையே வாசிப்பியா? உள்ள தூக்கி வச்சிருவான்."

"பேர் வாசிப்புன்னா வாசிக்கிறவன் பேருதான முதல்ல வரணும்?" என்று அவள் சிரித்தாள். "நம்ம பேர மறைச்சிக்கிட்டு ஊரான் பேர வாசிச்சா அது கோள் சொல்லுறதுல்லா?"

அன்றைக்கு எங்கள் நிலையம் இருப்பதே யாருக்கும் தெரியாது, ஒரு ரேடியோவும் திறந்திருக்கவில்லை. ஆகவே அது தப்பில்லாமல் போயிற்று என்று நினைத்தோம். மறுநாளிலிருந்து எங்கள் பேர்களை வாசிக்கவில்லை. அன்று பாத்தியில் விளைந்து வாரிய உப்பு அந்தப் பருவத்தின் முதல் உப்பு. முதல் உப்பை விற்பதில்லை, பருவம் முடிகிற வரைக்கும் தனி அம்பாரமாகக் குவித்துப் பனையோலை போட்டு மூடி வைப்போம். வாரியவள் மட்டும் ஒரு பிடி வீட்டுக்குக் கொண்டுபோவாள். அன்றைக்கு வாரியவள் குணபாலன் மனைவி சந்தனமாரி.

ஆறு மாதம் எங்கள் பேர் வாசிப்பு நடந்தது. அன்று விடிகாலை கங்காணி வாசிக்காமல் விட்ட பேர்களைப் பவளக்கனி வாசித்தாள், கண் அவிந்தவர்கள் பேரை வாசித்தாள், நிவாரணப் பட்டியலில் அடிக்கப்பட்ட நூற்றுப் பன்னிரண்டு பேரையும் நாளுக்குப் பத்தாக வாசித்தாள், எந்தப் பாத்தியில் குடிதண்ணீர் வரவில்லை, யாருக்குக் காலில் புண் என்று வாசித்தாள். அவளுடைய குரல் எங்கள் அலைவரிசைக்குள் அடங்கி இருக்கவில்லை. நீலக்கரையில் ஒரு நகைக்கடைக்காரர் மகளுக்கு "இனிய பிறந்தநாள் வாழ்த்துச் சொல்பவர்கள்" என்று அறிவிப்பாளர் இழுத்தால், "வேலைக்கு எடுக்காம விரட்டிவிட்ட பதினாலு பேர்" என்று இவள் முடிப்பாள். காதல் பாட்டில் கதாநாயகன் பெண்ணின் கண்ணை வர்ணிக்கும்போது, "கண் போனவர்கள்: பேச்சித்தாய், லூர்தம்மாள், சுடலைவடிவு" என்று வரும். பட்டணத்து டீக்கடைகளில் இதைக் கேட்பதற்காகவே நீலக்கரையைத் திறந்து வைத்தார்கள். பாத்திகளில் பேர் வாசிக்கப்பட்டவர்கள் குனிந்த தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்து "உண்டு" என்றார்கள். வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தவர்களும் வீட்டில் இருந்தபடியே "உண்டு" என்றார்கள்.

ஆவணி பத்தாம் தேதி, லைசென்ஸ் இல்லாத ரேடியோவைத் தேடுகிற, தலையில் கம்பி முளைத்த வேன் ஒன்று வந்தது. அப்படி வருகிற வேன்கள் தெருத்தெருவாகச் சுற்றி, முள் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கும். இது எங்கும் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி, இடது கைப்பக்கம் திரும்பி, பம்ப் கொட்டகை வாசலில் வந்து நின்றது. இறங்கியவர்கள் பிஸ்கட் டப்பாவை எடுத்தார்கள், மைக்கை எடுத்தார்கள், பவளக்கனியை எடுத்தார்கள். அவள் வாக்கியத்தை முடித்துவிட்டு எழுந்து போனாள். அன்றைக்குக் குணபாலன் வரவில்லை. இடது பக்கக் கடவாய்ப் பல்லைப் பிடுங்கப் பட்டணம் போயிருந்தான்.

பதினைந்து நாள் உள்ளே வைத்திருந்து ஜாமீனில் விட்டார்கள். யார் கட்டியது, யார் எழுதியது என்று எவ்வளவோ கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. வெளியே வந்தபோது அவளிடம் குரல் இல்லை. தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். எங்களுக்கும் அது பெரிய புதிராக இல்லை, ஏனென்றால் அதற்குள் அவளுடைய குரல் எங்கே போயிருக்கிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தது.

பெட்டியைக் கொண்டுபோன ஒன்பதாம் நாள் பகல் பதினோரு மணிக்குப் பேச்சித்தாய் கொதிக்கிற உலையில் ஒரு கை கல்லுப்பை அள்ளிப் போட்டாள். உப்பு பேசியது. "ஏழாம் பாத்தி, குடிதண்ணீர் வரவில்லை. இன்று வாசிக்கப்படாதவர்கள்: தங்கபுஷ்பம்" என்று தொடங்கிப் பதினொரு பேரை வாசித்துவிட்டு, கரைந்து முடித்தது. பேச்சித்தாய் அடுப்பைத் தணித்துவிட்டு, "தங்கபுஷ்பம், உன் பேரு எங்க வீட்டுச் சோத்துல வருது, வந்து உண்டு சொல்லிட்டுப் போ" என்று சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கொடுத்தாள். தங்கபுஷ்பம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

ஆறு மாதம் பாத்திகளில் தேங்கி நின்ற தண்ணீருக்கு மேலே ஆறு மாதமும் அவள் வாசித்திருந்தாள், தண்ணீர் வற்றி உப்பானபோது வாசித்ததெல்லாம் உள்ளே இருந்தது, ஈரம் பட்டால் வெளியே வந்தது. அவ்வளவுதான். எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, பழகிக்கொள்ள ஒரு வாரம் தேவைப்பட்டது. பெண்கள் எந்தப் பாத்தி உப்பு எந்தச் சேதியைச் சொல்லும் என்று தெரிந்துகொண்டு பார்த்து வாங்கினார்கள்; ரசத்துக்குச் சின்னச் சேதி போதும், சாம்பாருக்குப் பெரிய பட்டியல் வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். கல்யாணச் சமையல்காரர் ஒருவர் தாலி கட்டுகிற நேரத்தில் அண்டாவிலிருந்து கண் போனவர்கள் பட்டியல் வந்துவிட்டது என்று கோபித்து, போன வருடத்து உப்பு இருக்கிறதா என்று தேடி அலைந்தார். மாதா கோயிலில் தீர்த்தத்துக்கு உப்புக் கலக்கிற பாதிரியார், தீர்த்தம் கங்காணியைத் திட்டியதைக் கேட்டு முதலில் திகைத்து, பிறகு அதைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். கருவாடு மழை ஈரத்தில் முணுமுணுத்தது. ரத்தக் கொதிப்புக்காக உப்பை விட்டவர்கள் மட்டும் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். லாரியேறிப் போன உப்பு போன ஊரெல்லாம் பேசியது. கோயம்புத்தூரில் மில் வேலைக்குப் போன ஒருவன், அம்மா அனுப்பிய ஊறுகாய் ஜாடியைத் திறந்து ஈரக் கரண்டியை விட, அதிலிருந்து அம்மாவின் பேர் வந்தது. அம்மா செத்து இருபது நாள் ஆகியிருந்தது. அவன் அறையில் தனியாக நின்று என்ன செய்வது என்று தெரியாமல் அவளுக்காக "உண்டு" என்றானாம். எங்களை ஒருநாளும் பார்க்காத ஊர்களில், பானைக்குள்ளிருந்து வருகிற பேருக்கு யாராவது பதில் சொல்வதுதான் மரியாதை என்று சமைக்கிறவர்கள் அவர்களாகவே "உண்டு" சொல்லப் பழகினார்கள் என்று லாரி டிரைவர்கள் வந்து சொன்னார்கள்.

ஊரில் ஒரு வீட்டில் மட்டும் பாக்கெட் உப்பு. குணபாலன் வீட்டில்.

புரட்டாசி முதல் வாரத்தில் அவன், நான் நோட்டீஸ் அடிக்கிற சங்கத்து அச்சகத்துக்கு வந்தான். கழுத்தில் பட்டை, பட்டையில் அட்டை, அட்டையில் போட்டோ. நீலக்கரை எப்.எம்., தொழில்நுட்ப மேலாளர்.

"அண்ணாச்சி, உக்காரச் சொல்ல மாட்டியளா?"

"நாற்காலி நீ வாங்கிப் போட்டதுதான். உக்காரு."

உட்கார்ந்தான். "நாப்பது வருசம் நோட்டீஸ் போட்டிய. எத்தன பேரு படிச்சான்? வட மடிக்கத்தான் ஆச்சு. எனக்கு இப்ப தினமும் அர மணி நேரம் குடுக்காவ. உப்பள நேரம். லைசென்ஸோட, மொறையா, ஒளியாம மறையாம."

"அதுல பேர் வாசிப்பியா?"

அவன் மேசையில் கிடந்த ஈய எழுத்து ஒன்றை எடுத்து உருட்டினான். "பேரு வேண்டாங்காவ. பாட்டுப் போடலாம்."

"பல்லு இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்ல" என்று கை கன்னத்துக்குப் போயிற்று. அவன் பிடுங்கியதாகச் சொன்னது இடப்பக்கம். கை போனது வலப்பக்கம். நானும் பார்த்தேன், நான் பார்த்ததை அவனும் பார்த்தான். இருபத்திரண்டு வருடச் சிநேகம் அந்தக் கன்னத்தில் முடிந்தது.

அப்போதும் அவன் எழுந்து போகவில்லை. வந்த காரியம் பாக்கி இருந்தது. பதினோரு மணிக்கு ஊரெல்லாம் உலை கொதிக்கிறபோது நீலக்கரையில் அவர்களுடைய பாட்டு எதுவும் கேட்பதில்லை, பவளக்கனி குரல்தான் கேட்கிறது. அவள் இன்னொரு பெட்டியை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நீலக்கரைக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். முதல் பெட்டிக்கே மூன்று வருடம் ஜெயில், இரண்டாவதும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். "அந்தப் பெட்டிய அவளே எங்கியோ வாங்கியாந்தான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. நீங்களும் தப்பிச்சிரலாம், நானும் தப்பிச்சிருவேன். அவளுக்கு முன்ன பின்ன யாரு இருக்கா? மூணு வருசம் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள போயிரும்."

"மூடித் தொறக்க அவ கண்ணுல என்ன இருக்கு?" என்று கேட்டேன். "வெளிய போ."

விசாரணை ஐப்பசி மூன்றாம் தேதி காலையில், உப்பளத்திலேயே, முதல் அம்பாரத்துக்குப் பக்கத்தில் நடந்தது. அதிகாரிகளுக்காக ஒரு சாமியானா போட்டிருந்தார்கள். எழுபத்தொன்பதில் நாங்கள் கேட்ட நிழல் அன்றைக்குத்தான் வந்தது. அலைகளைக் கண்காணிக்கிற அலுவலகத்திலிருந்து வந்த பொறியாளர் அனந்தகுமார் நல்ல மனிதர், களைத்துப்போன மனிதர். பத்து நாளாக வேனில் சுற்றியிருந்தார். முள் ஒவ்வொரு வீட்டையும் காட்டியது, வேனை நிறுத்தி உள்ளே போனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாம்பார் இருந்தது, மரியாதைக்காக ஒவ்வொன்றிலும் சாப்பிட்டிருந்தார். அவருக்கு வலப்பக்கம் கிராம நிர்வாக அலுவலர், இடப்பக்கம் புகார் கொடுத்த நிலையத்தின் சார்பாகக் குணபாலன். எதிரே வெயிலில் நாங்கள் நானூறு பேர், எங்களுக்கு முன்னால் பவளக்கனி.

பொறியாளர் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். ஐந்தாம் பாத்தி உப்பை ஒரு சிட்டிகை போட்டார். "காலில் புண் உள்ளவர்கள்: மாசானமுத்து" என்றது டம்ளர். கூட்டத்திலிருந்து மாசானமுத்து "உண்டு" என்றார். பொறியாளர் டம்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பேனாவைத் திறந்தார், இரண்டாவது புகாரில், குறுக்கீடு எதிலிருந்து வருகிறது என்ற கட்டத்தில் "உப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டார். இரண்டாவது புகார் தீர்ந்தது.

"இனி முதல் புகார்" என்றார். "அம்மா, அந்தப் பெட்டியை நான் பிரித்துப் பார்த்தேன். தேர்ந்த ஆள் கட்டியது, பார்க்கிறவனுக்குத் தெரியும். நீங்கள் பேசினீர்கள், அவ்வளவுதான். கட்டியவர் பேரை யாராவது ஒருவர் சொன்னால், உங்கள் பேரை இதிலிருந்து எடுத்துவிட்டு இன்றைக்கே உங்களை வீட்டுக்கு அனுப்ப என்னால் முடியும். சொல்லாவிட்டால் மூன்று வருடம், என் கையில் இல்லை."

நான் எழுந்தேன். நாக்கு நுனியில் அந்தப் பேர் இருந்தது. பவளக்கனி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். அவளுடைய காற்றுக் குரல் என் காதில் விழுந்தது.

"சொல்லாதிய அண்ணாச்சி."

"அவன் உன்னச் சொன்னாம்லா?"

"அதனாலதான் சொல்லுதேன். பேரச் சொன்னா காட்டிக்குடுக்கது. வாசிங்க. வாசிச்சா, உண்டுங்கதும் சும்மா இருக்கதும் அவனவன் பாடு." அவள் மடியிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். மூன்று பேர்கள், அவளுடைய கோணல் எழுத்தில்.

நான் வாசித்தேன். "கோரைத்துறை உப்பளம், பேர் வாசிப்பு" என்றதும் நானூறு பேரும் பழக்கத்தில் நிமிர்ந்து நின்றார்கள்.

"பவளக்கனி."

அவள் கையை உயர்த்தி உதட்டை அசைத்தாள். சத்தம் வராததால் அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் சேர்ந்து "உண்டு" என்றார்கள்.

"பொன்னுலிங்கம்." என் பேரை நானே வாசித்து நானே "உண்டு" என்றேன். பொறியாளர் நிமிர்ந்து பார்த்தார், எழுதவில்லை.

"குணபாலன்."

எல்லோரும் சாமியானாவைப் பார்த்தார்கள். நிழலில் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை. "உண்டு" என்றால் பவளக்கனி வீட்டுக்குப் போவாள், அவன் உள்ளே போவான், நானும் போவேன், ஏழோடு எட்டாவது முறையாக ஒரே கம்பளியில் படுப்போம். சத்தியமாகச் சொல்லுகிறேன், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் ஆறாவதை நான் இந்தப் பட்டியலிலேயே சேர்த்திருக்க மாட்டேன். அவன் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குணபாலன்."

அவனுடைய உதடு குவிந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம் அந்த வார்த்தையை வாய் வரைக்கும் கொண்டுவந்துவிட்டது. கையால் பொத்தி அதை உள்ளே தள்ளினான். பல் வலிக்கிறவன் போலக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டான், இந்தத் தடவை இடப்பக்கம்.

இன்னும் ஒருமுறைதான். அது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். ஐந்து துரோகத்தையும் மேடை மேடையாக வாசித்தவன் நான், முதலாளி பேரை, தலைவர் பேரை, மந்திரி பேரை மூச்சு விடாமல் வாசித்தவன், அந்த மூன்றாவது வாசிப்புக்கு என் வாய் திறக்கவில்லை.

பெண்கள் கூட்டத்தில் நின்ற சந்தனமாரி தலையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்தாள். யாரையும் பார்க்காமல் நடந்து வந்தாள். சாமியானாவின் ஓரத்தில் அதிகாரிகள் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஏ, சந்தனம், எங்க போற?" என்றான் குணபாலன். அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

"அன்னைக்கு நம்ம உலையில ஒரு பிடிதான் போட்டேன். அதுக்கே பாக்கெட் வாங்கியாந்திய" என்றாள் அவள், திரும்பாமல்.

முதல் அம்பாரத்தின் மேல் கிடந்த பனையோலையை ஒரு கையால் இழுத்துக் கீழே போட்டாள். பருவத்தின் முதல் உப்பு வெயிலில் எல்லோருடைய கண்ணையும் கூச வைத்தது. அவள் குடத்தை உயர்த்தி உச்சியிலிருந்து ஊற்றினாள். தண்ணீர் உப்புக்குள் இறங்குகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பொறியாளர் பேனாவைத் திறந்து பிடித்திருந்தார். பவளக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவளுடைய பழைய குரல், பத்தாம் பாத்தி வரைக்கும் எட்டுகிற குரல், அம்பாரம் முழுவதிலுமிருந்து எழுந்து, நானூறு பேர் முன்னிலையில் வாசித்தது:

"கோரைத்துறை உப்பளம். பேர் வாசிப்பு. எழுதியது பொன்னுலிங்கம். வாசிக்கிறது பவளக்கனி. பெட்டி கட்டியது குணபாலன்."